ஒன்பதடிக் கணக்கு

நீச்சல் குளத்துக்குக் குளோரின் மருந்து போடுவதும் குழம்புக்கு உப்புப் போடுவதும் ஒன்றுதான், பவுல்ராஜ் அண்ணன். எவ்வளவு தண்ணீர் என்று தெரிந்தால் போதும். நீங்கள் காலனித் தலைவர், கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். வாயிலிருந்து அந்தத் துண்டை எடுத்துவிட்டே விசாரிக்கலாம்.

நம் குளம் ஒரு முனையில் மூன்றடி, மறு முனையில் ஒன்பதடி. தரை சீராகச் சரிவதால் சராசரி ஆறடி. அதை நீள அகலத்தால் பெருக்கினால் தண்ணீரின் அளவு. திண்டுக்கல்லில் வேதியியல் டீச்சராக இருந்தவள் என்பதால் மருந்து வேலையை என்னிடம் விட்டிருந்தீர்கள். குளத்துக்குச் செயலாளரான என் வீட்டுக்காரர் சேக் பரீது மட்டும், “ஆழம் ஒம்பதுன்னா ஒம்பதுதான்” என்பார். அவரிடம் தலையாட்டிவிட்டு ஆறடிக்குத்தான் போடுவேன். குடும்பம் இப்படித்தானே ஓடுகிறது.

போன மாதம் சாயங்காலப் பெண்கள் நேரத்தை எடுத்துவிட்டீர்கள். ஐம்பது வயதுக்கு மேல் நீச்சல் பழகியவள் நான். தண்ணீருக்குள் மட்டும்தான் என் முழங்கால் வலிக்காது. அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மீதி நாளைப் பொறுத்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் என் வீட்டுக்காரர் சொன்ன காரணம் உங்களுக்கு நினைவிருக்கும்.

“பொம்பளையாளுக முழு உடுப்போட எறங்குனா, மருந்து அம்புட்டையும் துணி குடிச்சிருது.”

நான் எழுந்து, தினமும் சோதிக்கிறேன், மருந்து அதிகம் குறைவது காலையில் ஆண்கள் குளித்த பிறகுதான் என்றேன். துணியைவிட மருந்தைத் தின்பது சிறுநீர் என்றும் சொன்னேன். யாரும் யாரையும் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர்தான் எழுந்தார்.

“இனி நீ கணக்குப் போட வேணாம் தாஹிரா. நான் போடுறேன். நீ அளந்து கொட்டு, போதும்.”

நீங்களும் தலையாட்டினீர்கள். எனக்குக் கோபமெல்லாம் இல்லை. கட்டுப்பட்டேன், அவ்வளவுதான்.

ஆண்டு விழாவில் ஆண்களுக்கு நீச்சல் போட்டி. அவர் ஒன்பதடிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தார். ஒன்பதடிக்கே கொட்டினேன். அவர் கணக்கு, வழக்கமாகக் கேனில் வரும் திரவத்துக்கு. இந்தத் தடவை நான் வாங்கி வைத்திருந்தது குருணை மருந்து. அதைவிட ஆறு மடங்கு வீரியம். அவர் கேட்கவில்லை. கணக்கில் தலையிடக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நானும் சொல்லவில்லை. வெயில் பட்டால் மருந்து குறைந்துவிடும். அதனால் முந்தின நாள் பொழுது சாய்ந்த பிறகு கொட்டினேன். காலையில் பிள்ளைகள் யாரும் இறங்கிவிடாமல் கேட்டில் நானே நின்றேன். மனசாட்சி உள்ளவள் நான்.

கண் சிவப்பு இரண்டு நாளில் போய்விடும். போட்டியில் உங்களோடு நீந்திய ரொனால்டு மீசை சோள நார் மாதிரி ஆனது பற்றி வருத்தம்தான். சாயம் அடித்திருக்கிறார் என்று அவர் மனைவிக்கே தெரியாதாம். என் வீட்டுக்காரர் தாடி மருதாணி நிறத்துக்கு வந்துவிட்டது. ஜும்ஆ தொழுகை முடிந்ததும், ஹாஜிகள் மாதிரித் தாடி சிவந்திருக்கிறதே, ஹஜ்ஜுக்கு எப்போது போய் வந்தீர்கள் என்று நாலு பேர் கேட்டார்களாம்.

கோபத்தில் செய்தேன் என்று மட்டும் தீர்மானத்தில் எழுதிவிடாதீர்கள். கோபக்காரி இப்படி நிதானமாக, முந்தின வாரமே அவர் தாடி மயிரை ஒரு டம்ளரிலும் உங்கள் மீசை மயிரை இன்னொரு டம்ளரிலும் ஊறவைத்துப் பார்த்திருப்பாளா?

உங்களுடையதை, நீங்கள் தூங்கும்போது கத்தரித்துக் கொண்டுவந்து கொடுத்தது உங்கள் மனைவி ரீனாதான்.