வெளியே கேட்ட குலவை

பஸ்பூஸா, அந்த ரவை இனிப்பு, எனக்கு ஆகாது, ஐயா. சர்க்கரை இருக்கிறது. ஆனால் எங்கள் அலெக்ஸாந்திரியாவில் நோயாளி பிழைத்தால் வீட்டார் தட்டு நிறையக் கொண்டுவருவார்கள். வேண்டாமென்றால் மனம் கோணிப்போகும். ஒரு துண்டு வாயில் போட்டுக்கொள்வேன்.

இதய அடைப்புக்கு ஒழுங்காக ஸ்டென்ட் வைத்து அனுப்பினால் பஸ்பூஸா மட்டும்தான். செத்துப் பிழைத்தால்தான் பெண்கள் நடைக்கூடத்தில் குலவையிடுவார்கள். ஒருமுறை ஸ்டென்ட் அதைச் சுமந்துபோகும் பலூனிலிருந்து நழுவி, இதயக்குழாயில் மாட்டிக்கொண்டது. தற்செயல்தான். சுருக்குக் கம்பி விட்டு எடுத்தேன். கதவைத் திறந்தால் குலவை. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

அதன் பிறகு தற்செயலுக்காக நான் காத்திருக்கவில்லை. சுண்ணாம்பு படிந்த குழாயை முதலில் வெறும் பலூனால் அகலப்படுத்த வேண்டும். அதைச் செய்யாமல் ஸ்டென்டை நுழைத்து, சிக்கியதும் பின்னுக்கு இழுத்தால் நழுவும். நழுவியதும் வெளியே சொல்லியனுப்புவேன், இறைவனிடம் துஆ செய்யட்டும் என்று. பிறகு எடுத்துவிடுவேன். எல்லோரும் நடந்துதான் வீட்டுக்குப் போனார்கள். இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நர்ஸ் நக்வாவுக்கு மட்டும் வாய் சும்மா இராது. "உங்க கையில மட்டும் ஏன் டாக்டர் இப்படி நழுவுது? எண்ணெய் தடவிட்டு வர்றீங்களா?" என்பாள்.

பயூமி படுத்திருந்த அன்றும் அவள்தான் சொன்னாள். "சுருக்குக் கம்பி தீர்ந்துபோச்சு டாக்டர். பெரியவருக்குக் குழாயெல்லாம் சுண்ணாம்பு. நாளைக்கு வச்சுக்கலாமே?"

பயூமி டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மயக்க மருந்து கிடையாதே, எல்லாம் அவர் காதில் விழுந்தது. "டாக்டரே, தலை நரைக்கிற வரைக்கும் டிராம் ஓட்டினேன். ஒருநாளும் தண்டவாளத்த விட்டு எறங்கினதில்ல. நீங்களும் எறக்கிடாதீங்க," என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

முதலில் அகலப்படுத்தும் வெறும் பலூனை நக்வா எடுத்து நீட்டினாள். வேண்டாம் என்றேன்.

ஸ்டென்ட் நழுவியது. வெளியே சொல்லியனுப்பினேன். சுருக்கு இல்லாததால் இரண்டு மெல்லிய கம்பிகளை முறுக்கி இழுத்தேன். அப்படியும் எடுப்பதுண்டு. எடுத்திருந்தால் ஊரே பேசியிருக்கும். குழாய் கிழிந்துவிட்டது.

"நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்த மாதிரி இருக்கு டாக்டரே."

"பொறுங்க," என்றேன். பொறுத்தார், பாவம், கடைசிவரை.

கதவைத் திறக்கும்போது என் முகம் பழக்கத்தில் சிரித்திருக்க வேண்டும். வெளியே அவர் மனைவி உம்மு ஸப்ரி என்னைப் பார்த்தாள். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குலவையிட்டாள். நல்ல குரல், நீண்ட மூச்சு. அவள் முடிக்கும்வரை நான் குறுக்கிடவில்லை, ஐயா. மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.