தேத்தண்ணி போட எழும்பிய நேரம்

"நேற்று என்ரை மனுசன் என்னைக் கையும் களவுமாப் பிடிச்சிட்டார்" என்று முன் இருக்கைப் பெண் சொன்னதும் நான் கைபேசியை மடியில் வைத்துவிட்டேன். பஸ் வெக்ஸ்போர்ட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது.

"என்னடி செய்தனீ?" என்றார் பக்கத்தில் இருந்த மூத்தவர்.

"அந்த இங்கிலாந்துப் பொலிஸ் சீரியல் இருக்கெல்லோ அக்கா. ஞாயிற்றுக்கிழமையிலை சேர்ந்துதான் பாக்கிறது, ஆரும் தனியப் பாக்கக்கூடாது எண்டு ஒப்பந்தம். நான் பொறுக்கேலாமல் கடைசிப் பகுதியை வியாழக்கிழமையே பாத்திட்டன்."

"அவர் எப்பிடிக் கண்டுபிடிச்சவர்?"

"நேற்றுப் பாக்கேக்கை கதையிலை வாற பாதிரியார் பூக்கண்டுக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டார். சும்மா கட்டம்தானே எண்டு தேத்தண்ணி போட எழும்பினன். உடனை மனுசன் 'இன்னும் ரெண்டு நிமிசத்திலை இந்தாளைக் கொலைக்குப் பிடிக்கப்போறாங்கள், இப்ப ஆரும் எழும்புவினமோ? நீ முதலே பாத்திட்டாய்' எண்டார். நம்பிக்கைத் துரோகமாம். இண்டைக்கும் முகம் குடுத்துக் கதைக்கேல்லை."

மூத்தவர் அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டு நிமிசத்திலை பிடிக்கப்போறாங்கள் எண்டு அவருக்கு எப்பிடியடி தெரியும்?"

இளையவர் கைப்பையைத் திறந்து மெதுவாகப் போனை எடுத்தார்.

என் தரிப்பிடம் வந்தது. நான் இறங்கவில்லை.