வெளுக்காத மிஷின்

காலை பத்தே காலுக்கு மார்த்தாண்டத்திலிருந்து தேங்காய்ப்பட்டணம் பேருந்து கிளம்பியபோது, முன் இருக்கைப் பெண் மடியில் குழந்தையும் கையில் அதன் போட்டோவுமாக இருந்தார்.

“எனக்க பிள்ளைய வெள்ளாவியில வச்சு எடுத்திருக்கான், பாருட்டி,” என்று பக்கத்தில் இருந்தவளிடம் போட்டோவை நீட்டினார்.

“ஸ்டூடியோக்காரன் கொஞ்சம் நிறம் கூட்டுவான். நல்லாத்தானே இருக்கு?”

“என்ன நல்லாருக்கு? இதுல ஒண்ண குவைத்துல இருக்க எனக்க மாப்பிள்ளைக்குக் குடுத்துவிட்டேன். ‘கம்ப்யூட்டர்ல வீடியோ கால்ல பாத்த பிள்ள கறுப்பு, இது ஆருக்க பிள்ள’ண்ணு அவரு போன்ல கேக்காரு.”

“அதுக்கா இப்ப பிரிண்டர் வாங்கக் கடைக்குப் போன?”

“பின்னே? வீட்டுலயே அடிச்சுக்கிடலாம்ணு போனா, கடைக்காரன் ஒண்ணக் காட்டி, ‘அக்கா, இதுல முகம் தன்னால வெளுக்கும்’ணு பெருமையாச் சொல்லுதான். ‘வெளுக்காத மிஷினு உண்டா மக்கா?’ண்ணு கேட்டேன். சிரிச்சான்.”

“வாங்கலியா?”

“சிரிச்சவன்கிட்ட வாங்குவனா? நாளைக்கு நாகர்கோவிலுக்குப் போறேன். எனக்க பிள்ள எனக்க நிறத்துலதான் வரணும்.”

மற்றவள் குழந்தையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். “அவரு கடைசியா எப்ப ஊருக்கு வந்தாரு?” என்று கேட்டாள்.

குழந்தை பிறந்த பிறகு அவர் வரவில்லை.