ஒரே மாருக்கு ரெண்டு வாட்டி சவரம்

இல்ல, நான் கேக்கறேன்... ஒரே மாருக்கு ரெண்டு வாட்டி சவரம் பண்ற ஆஸ்பத்திரி இந்த ஒலகத்துல எங்கனா இருக்குதாங்க? ஒம்போது நாளைக்கு முன்ன வழிச்சாங்க. அப்பறம் ஆப்பரேசன் இல்லன்னுட்டாங்க. முடி முள்ளு முள்ளா மொளச்சி, சட்ட பட்டாலே அரிப்பு. இன்னிக்கி காலைல திரும்ப வந்து சர்ரு சர்ருன்னு வழிச்சிட்டாங்க. கோழியக் கூட ஒரு வாட்டிதாங்க உரிக்கறாங்க!

நீங்க நேத்து சாயங்காலம் வந்தவரு, ஒங்களுக்கு மொத கேஸு. ஒம்போது நாளா பக்கத்து கட்டில்ல கெடக்கற இந்த கிறிஸ்துதாஸ் ரெண்டாவது கேஸு, மத்தியானம்தான். இது நாயமா? பரவால்ல பரவால்ல, நீங்க போய்ட்டு வாங்க ராஜாங்கம். கனகசெட்டிக்குளம்னு சொன்னீங்கல்ல? கடலுக்குப் போற ஆளு. ஒங்களுக்கு என்னா பயம்... ஏன் குறுக்கிக்கினு ஒக்காந்துட்டீங்க? ஏசி. ஏசிதான். போர்வைய இழுத்து போத்திக்கங்க.

பயம்னா சக்கரபாணிய பாத்திருக்கணும் நீங்க. ஒங்க கட்டில்ல இதுக்கு முன்ன இருந்தவரு, உழவர்கரைல பாத்திரக் கடை. டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தா டக்குனு கண்ண மூடிக்குவாரு. தூங்கறாராம்! டாக்டர் அந்தாண்ட போனதும் என்னாண்ட, 'என்னா சொன்னாரு, என்னா சொன்னாரு'ன்னு நச்சரிப்பாரு. ஆப்பரேசனுக்கு நல்ல நேரம் பாத்து எழுதியாந்து குடுத்தாரு பாருங்க, சிஸ்டர் அத நாலா மடிச்சி, ஆடற மேசைக்கி முட்டு குடுத்துட்டாங்க. நான் சிரிச்ச சிரிப்புல நெஞ்சி வலியே வந்துடுச்சி. என்னா பண்றது, அந்த ஆளு முடிச்சிக்கினு, தலைய படிய சீவிக்கினு வூட்டுக்குப் போய்ட்டாரு. பயந்தவரு போய்ட்டாரு, பயப்படாத நான் கெடக்கறேன்!

எனக்கு பயம் இல்லீங்க. மூணு அடப்பு. டாக்டர் படம் வரஞ்சியே காட்டுனாரு. நெஞ்செலும்ப நடுவால அறுப்பாங்களாம், இருதயத்த நிறுத்திட்டு மெசின ஓட விடுவாங்களாம், கால்லேருந்து நரம்ப உருவி... எங்க எழுந்துக்கறீங்க? ஒக்காருங்க, சொல்லி முடிச்சிர்றேன். அப்பறம் எலும்ப கம்பி வெச்சி கட்டுவாங்களாம். 'இருதயம் திரும்ப ஓடுமா டாக்டர்'னேன். 'பெரும்பாலும் ஓடும்'ன்னாரு. அந்த பெரும்பாலும் இருக்குதே, அதையே மென்னுக்கினு இருக்கறேன் அன்னிலேருந்து.

சரி, இவ்ளோத்துக்கும் காரணம் யாருன்றீங்க? என் வூட்டுக்காரி ஸ்டெல்லாமேரி. தோ, கீழ மாத்தர வாங்க போயிருக்கறா. அன்னிக்கி ஆப்பரேசனுக்கு மொத நாளு, சாமியார கையோட கூட்டியாந்துட்டா, அவஸ்தை பூசறதுக்கு. எங்க கிறிஸ்துவங்கள்ல அது மூச்சு இழுத்துக்கினு கெடக்கறவனுக்கு நெத்தியில எண்ண வெக்கறதுங்க! எங்கப்பாருக்கு காலைல பூசினாங்க, மத்தியானம் பொட்டி வாங்க ஆளு போச்சி. 'இப்பல்லாம் நோயாளிங்க எல்லாருக்கும் பூசறதுதான்'னு சாமியார் சொல்றாரு. சொல்லுவாரு, நெத்தி என்னுதாச்சே! இதுல என் மச்சான் ஒருத்தன், பிரெஞ்சு பட்டாளத்துல இருந்த சொல்தா, அவன் தொப்பிய கழட்டி கைல வெச்சிக்கினு கால்மாட்டுல நிக்கறான்.

ராவெல்லாம் அந்த எண்ண வாசன. காலைல சிஸ்டர் வந்து, 'என்னா சாப்ட்டீங்க'ன்னாங்க. வயிறு காலியா இருந்தாத்தான் மயக்க மருந்து குடுப்பாங்க, ஒங்களையும் கேப்பாங்க. நான்... கொஞ்சம் கிட்ட வாங்க. யாராண்டயும் சொல்லாதீங்க. 'ஒரு பன்னு'ன்னேன். சாப்டலீங்க! சத்தியமா சாப்டல. வாயி தானா சொல்லிடுச்சி. ஆப்பரேசன் கேன்சலு. சிஸ்டர் ஸ்டெல்லாவ நிக்க வெச்சி, 'புருசன கொல்லவா பாக்கற'ன்னு வார்டே கேக்க கிழிச்சாங்க. அவ மாதா மேல ஆணையா நான் குடுக்கலன்னு அழுவறா. நான் செவுத்த பாத்து படுத்துக்கினேன். ஒம்போது நாளா வார்டுல அவ பேரு பன்னம்மா. மூணு அடப்போட இது நாலாவதுங்க.

தோ வந்துட்டாங்க, ஸ்ட்ரெச்சர் ஒங்களுக்குத்தான். தைரியமா போங்க. சிஸ்டர் கேக்கறாங்க பாருங்க, சொல்லுங்க... என்னாது? பன்னா? யோவ்! நீ எங்கய்யா பன்னு தின்ன? சிஸ்டர், பொய்யி சிஸ்டர்! விடிஞ்சதுலேருந்து என் எதுர்லயே கெடக்கறான், எச்சி கூட முழுங்கல. எனக்கு எப்பிடித் தெரியுமா? அது... எப்பிடின்னா...

என்னா, இவரு நாளைக்கா? அப்ப மொத கேஸு... இருங்க இருங்க, நான் மத்தியானம்தான சிஸ்டர்? யாரு, ஸ்டெல்லாவா? நீ எப்ப வந்து நின்ன? சிஸ்டர், எதுக்கு அவள மொறைக்கறீங்க? இவருக்கும் அவதான் பன்னு குடுத்தான்றீங்களா? அவள ஏன் கேக்கறீங்க, என்னக் கேளுங்க. கேளுங்க!

ஒண்ணும் சாப்டல, சிஸ்டர். அன்னிக்கும் சாப்டல. அவ எதுவும் குடுக்கல, நாந்தான் பயந்துக்கினு பொய் சொன்னேன். ஏய் ஸ்டெல்லா... அழுவாத. திட்டணும்னா இப்ப வேணாம், தூக்கி படுக்க வெச்சிட்டாங்க பாரு. வெளிய வந்ததும் திட்டு. ஒக்காந்து நிதானமா, எத்தினி நாள் வேணாலும் திட்டு. கேக்கறதுக்கு நான் வந்துர்றேன்.