ரஹமீம் என்ற சொல்லுக்குத் தமிழ்

— இரக்கம்னு எழுதிட்டுப் போங்களேன் அண்ணே! மூணு நாளா அந்த ஒத்தை வார்த்தைக்குப் பேனாவைக் கடிச்சிக்கிட்டு இருக்கிய.

— இரக்கம் பத்தாது முத்துக்கனி. வாசல்ல பிச்சைக்காரன் வந்தாலும் இரக்கந்தான். இது எபிரேயு வார்த்தை, ரஹமீம். வேதத்தைத் திருத்துத கமிட்டிக்கு இன்னைக்குத் தபால்ல போயாகணும்.

— அப்போ உருக்கம்னு போடுங்க... ஆமா, நம்ம பிள்ளை ஆசீர் எங்க? நான் அவனுக்கு மக்ரூன் பலகாரம் வாங்கக் கடைக்குப் போனப்ப, சுங்கத்துல பெட்டியைக் காட்டணும்னு கூட்டிட்டுப் போனியளே. நீங்க மட்டும் வந்து உக்காந்திருக்கிய?

— வருவான், வருவான். நீ இதைக் கேளு. இந்த வார்த்தைக்கு வேரு 'ரெகெம்'. அப்படின்னா... கருப்பை.

— அய்யே! இதையா ஒம்பது ஆம்பளைக சுத்தி உக்காந்து பேசுதிய?

— அதுக்குத்தானளா உங்கிட்ட கேக்கேன். பொம்பளைக என்ன சொல்லுவிய?

— நல்ல ஆளைப் புடிச்சிய! பதினெட்டு வயசுல தாலியறுத்தவ நான். பிள்ளை பெறாதவன்னு ஊரே சொல்லுது.

— ஊரை விடு.

— விட்டாச்சு... அண்ணே, நேத்து கேட்டேனே. அவன் கொழும்புக்குக் கப்பலேறுததுக்கு முன்னால சொல்லிருவியளா?

— மொதல்ல வார்த்தையை முடிப்போம்.

— அதானே. வார்த்தைக்குள்ள போயி ஒளிஞ்சிக்கிடுவிய.

— ஒரு பிள்ளைக்கு ரெண்டு பொம்பளைக சண்டை போட்டு ராசாகிட்ட வந்தாளுவளே, தெரியும்லா?

— பிள்ளையை ரெண்டா வெட்டுன்னாரே, அவரா?

— அவரேதான். பெத்தவ, 'வெட்டாதிய சாமி, அவளே வச்சிக்கிடட்டும்'னு கதறுனா. அந்த எடத்துல இந்த வார்த்தைதான் வருது. அவ ரஹமீம் கொதிச்சிட்டாம்.

— நல்ல ராசா. பிள்ளையைத் திருப்பிக் குடுத்துட்டாரு. ஆம்பளைக்கு அந்த வார்த்தை வராதோ?

— வரும். தகப்பனுக்கு வருது. ஆண்டவருக்குத்தான் நெறைய. தம்பியைக் கண்ட அண்ணனுக்கும் ஒரு எடத்துல போட்டிருக்கு. தாங்க மாட்டாம உள்ளறைக்குள்ள ஓடிப்போயி அழுதான்.

— தங்கச்சியைக் கண்ட அண்ணனுக்கு?

— ...பாக்கணும்.

— பாருங்க, பாருங்க. கண்ணாடியைத் தொடச்சிட்டு நல்லாப் பாருங்க.

— குத்தாதளா.

— குத்தல... எங்களுக்கு அது அடிவயித்துல வரும் அண்ணே. நாலு வீடு தள்ளி ஒரு பிள்ளை அழுதாப் போதும், சுருக்குனு இழுக்கும். பால் வத்தி இருவது வருசம் ஆனாலும் இழுக்கும். அதுக்குத் தனியாப் பேரெல்லாம் கெடையாது. பெத்த வயிறும்போம். அம்புட்டுத்தான்.

— பெத்த வயிறு... அதை எப்படிளா ஆண்டவருக்குப் போடுறது?

— ஏன், நாமெல்லாம் அவரு பிள்ளைகன்னு நீங்கதானே பிரசங்கம் பண்ணுதிய? எழுதப் பயமா இருந்தா விடுங்க. முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச ஆளுதானே.

— மணப்பாடு ஊருப் பேச்சை எடுக்காதே!

— நானா எடுத்தேன்? இருவத்திரண்டு வருசமா எடுக்கல. மைனியும் நானும் அங்கன போறப்ப ரெண்டு பேரு, வாறப்ப மூணு பேரு. மைனிக்கும் உங்களுக்கும் பொறந்த பிள்ளைன்னு ஊரு நம்பிட்டு. சாகும்போது அவ என் கையைப் புடிச்சி, 'நீயே அவன்கிட்ட சொல்லிரு'ன்னா. அப்பவும் வாயைத் தொறக்கல. உங்க வாயால வரட்டும்னு இருந்தேன்.

— உபதேசி வேலை போயிருந்தா மூணு பேரும் எங்க போயி நின்னுருப்போம்? சபையில என்னை மேடையேற விட்டுருப்பானுவளா?

— அதனாலதானே இம்புட்டு நாளும் பேசல. இப்ப அவன் சம்பாதிக்கப் போறான். என்னைத் திட்டட்டும்... காறித் துப்பட்டும்... தெரிஞ்சிட்டுப் போகட்டும் அண்ணே. தெரிஞ்சி ஒரு தடவை என் மூஞ்சியைப் பாக்கட்டும். வேற ஒண்ணும் கேக்கல. கப்பலுக்குக் கூட்டிட்டுப் போற லாஞ்சி நாலு மணிக்குத்தானே? இப்ப மணி என்ன?

— பத்தரை.

— நேரம் கெடக்கு. அவன் வந்ததும் சோத்தைப் போட்டு, பக்கத்துல உக்கார வச்சி சொல்லுங்க. நான் அடுப்படியில நின்னுக்கிடுதேன். இந்த மக்ரூன் டப்பாவை மட்டும் ஒரு கயித்தால...

— முத்துக்கனி, டப்பாவைக் கட்டாதே.

— ஏன்?

— அவன் சுங்கத்துல நிக்கல. ஒம்பது மணிக்கும் ஒரு லாஞ்சி இருக்கு.

— அண்ணே...

— அதுல...

— ஏத்தி விட்டுட்டியளா? நான் கடைக்குப் போன நேரம் பாத்தா? ஆண்டவரே! கப்பல் அஞ்சு மைலுக்கு அங்கிட்டுலா நிக்கும்... டிக்கெட்டு இல்லாம லாஞ்சியில ஏத்த மாட்டானுவ, இனி நான் நீந்தியா போவேன்?

— உக்காருளா.

— அத்தை எங்கன்னு அவன் கேக்கலியா?

— கேட்டான். 'அத்தை இப்ப வந்துருவா'ன்னேன்.

— பாவி... பாவி! கடைசி வரைக்கும் சொல்லாமலே அனுப்பிட்டியளே!

— சொல்லிட்டேன்ளா.

— ...என்னது?

— படகுத் துறையில நின்னு சொல்லிட்டேன். உன்னைப் பெத்தவ உங்க அத்தைதாம்டேன்னு. 'லாஞ்சியை நிறுத்துங்க, நான் எறங்கணும், எங்க அம்மாவைப் பாக்கணும்'னு கத்துனான். அவனுவ நிறுத்தல... லாஞ்சிக் கயித்தை அவுத்த பொறவுதான் சொன்னேன் முத்துக்கனி. அவுக்கட்டும்னுதான் காத்துக்கிட்டு நின்னேன்.