முதல் வடி

செம்பைத் துலக்க எலுமிச்சம்பழத்துக்கு மிஞ்சி ஒன்றுமில்லை. பழத்தைப் பாதியாக வெட்டி, உப்பில் தோய்த்து, வட்டமாகத் தேய்க்க வேண்டும். மெல்பேர்னில், நோபல் பார்க்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் பின்வளவில் ஓர் எலுமிச்சை மரம் நின்றது. கேதீஸ்வரன் வாங்கிவந்த புது வடிபானையை அந்த மரத்துப் பழங்களால்தான் துலக்கினேன். அரை நாள் பிடித்தது. என் முகம் அதில் தெரியும்வரை தேய்த்தேன். ஒரு வேலையை எடுத்தால் அரைகுறையாக விடுகிற பழக்கம் எனக்கில்லை. அதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

என் பெயர் இரத்தினசிங்கம். டாண்டினோங்கில் ஒரு வார்ப்பு ஆலையில் வேலை. கேதீஸ்வரனும் நானும் எழுபத்திரண்டாம் ஆண்டு ஒரே கப்பலில் வந்தவர்கள். நான் எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிறவன். அவன் களஞ்சியத்தில் எழுத்து வேலை. மெல்பேர்ன் துறைமுகத்தில் இறங்கினோம், திரும்பி ஏறவில்லை. அதன்பிறகு நாலு வருடம் கடதாசி இல்லாத ஆட்களாக ஒரே வீட்டில் இருந்தோம்.

அவன் வாத்தியாரின் மகன். என் தகப்பன் கள்ளுக்குப் பனை சீவினவர். ஊரில் என்றால் அவன் வீட்டில் எனக்கு உட்காரக் கதிரை கிடைத்திராது. இங்கே ஒரே சட்டியில் சாப்பிட்டோம். எனக்குக் காய்ச்சல் வந்தால் அவன் கஞ்சி வைப்பான். என் தலைமயிரைக்கூட அவன்தான் வெட்டிவிடுவான். நல்லவன். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

எனக்கு அப்போது எழுத்துத் தெரியாது. என் மனைவி நாகலட்சுமி ஊரிலிருந்து எழுதுவாள், கேதீஸ்வரன் வாசிப்பான். நான் பதில் சொல்லுவேன், அவன் எழுதுவான். ஞாயிறு மத்தியானம் குசினி மேசையில் அது நடக்கும். அவன் குளித்து, சேட்டு மாற்றிக்கொண்டுதான் வந்து உட்காருவான். உறையைக் கத்தியால் நேராக வெட்டுவான். அவன் வாசித்தால் நாகலட்சுமியே குசினிக்குள் நின்று கதைப்பது போலிருக்கும்.

"பாமா ஒழுங்காப் பள்ளிக்கூடம் போறா. ஆட்டுக்குட்டி ஒண்டு வளர்க்கிறா. அதுக்கு உங்கட பேரை வைச்சிருக்கிறா."

பாமா என் மகள். நான் கப்பலேறும்போது அவளுக்கு நாலு வயது. ஆட்டுக்குட்டிக்கு என் பெயர் என்றதும் நான் சிரித்தேன். அவனும் சேர்ந்து சிரித்தான். வாசித்து முடிந்ததும் கடிதத்தை மடித்து என்னிடம் தருவான். நான் ஒரு பிஸ்கட் தகரத்துக்குள் அடுக்கி வைப்பேன்.

எழுபத்துநாலின் கடைசியில் டாண்டினோங் சந்தையில் பாமாவுக்கு ஒரு சோடி சிவப்புச் சப்பாத்து வாங்கினோம். அளவு தெரியாமல் நான் கையால் அளந்துகொண்டு நின்றேன். "கொஞ்சம் பெரிசா எடு மச்சான், வளருற பிள்ளை" என்றான் கேதீஸ்வரன். பெரிதாகவே எடுத்தேன். பார்சலை அவன்தான் கட்டினான். விலாசத்தையும் அவன்தான் எழுதினான். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. "சப்பாத்து வந்து சேர்ந்தது, அளவு சரி" என்று வாசித்தான்.

அதற்குப் பிறகு நாகலட்சுமியின் கடிதம் வரவில்லை. தாயோடு போய் இருக்கிறாளாம், வேலை அதிகமாம் என்று ஊரிலிருந்து வந்த யாரோ சொன்னதாக அவன் சொன்னான். நான் நம்பினேன். நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம்.

அடுத்த ஆண்டுதான் நான் எழுத்துப் படிக்கத் தொடங்கினேன். ஸ்பிரிங்வேலில் சிவனேஸ்வரி அக்கா வீட்டு வேலியைச் சரிசெய்யப் போனேன். அவர் ஊரில் சின்ன வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர். கூலி வேண்டாம், எனக்கு அ, ஆ சொல்லித் தாருங்கள் என்று கேட்டேன். சனிக்கிழமைகளில் போவேன். முதல் நாளே மூன்று பென்சில் முறிந்தது. "தம்பி, அது உளியில்லை. மெல்லப் பிடியும்" என்று சிரித்தார். முப்பத்தெட்டு வயதில் முதல்முறை என் பெயரை எழுதிப் பார்த்தேன். கோணலாகத்தான் இருந்தது. ஆனாலும் என் பெயர்.

கேதீஸ்வரனுக்கு இதைச் சொல்லவில்லை. நாகலட்சுமிக்கு என் கையால் ஒரு கடிதம் எழுதிவிட்டு, பிறகு அவனுக்குக் காட்டுவோம் என்று ஆசை. எழுபத்தாறு தொடக்கத்தில் கடதாசி இல்லாத ஆட்களுக்கு அரசு பொதுமன்னிப்புக் கொடுத்தது. இருவரும் போய்ப் பெயர் பதிந்து கடதாசி எடுத்தோம். அந்தச் சந்தோசத்தில், அவள் எப்படி எழுதுகிறாள் என்று பார்த்துப் பழகுவோமே என்று பிஸ்கட் தகரத்தைத் திறந்தேன்.

ஒரு கடிதம் வாசிக்க எனக்கு ஒரு மத்தியானம் வேண்டும். ஐந்து கடிதத்துக்கு ஐந்து நாள்.

முதலாவதில், பாமாவுக்குக் காய்ச்சல் விடவில்லை, கண் மஞ்சளாக இருக்கிறது, எப்படியாவது வாருங்கள் என்று இருந்தது. இரண்டாவதில் ஆஸ்பத்திரியில் வைத்திருப்பதாகவும், பிள்ளை என்னைக் கேட்பதாகவும் இருந்தது. மூன்றாவது நாலே வரி. பிள்ளை போய்விட்டாள். நாலாவது இப்படி இருந்தது: "உங்கள் ஆறுதல் கடிதம் கிடைத்தது. இரவும் பகலும் அழுவதாக எழுதியிருக்கிறீர்கள். அழுகிற மனிதன் இரண்டு கடிதத்துக்கு வராமல் இருப்பானா?" ஐந்தாவதில் ஒரே ஒரு கேள்வி. "சிவப்புச் சப்பாத்து வந்தது. இதை யார் காலில் போடுவது?"

ஆட்டுக்குட்டி எந்தக் கடிதத்திலும் இல்லை.

பிள்ளைகள் சாகிறார்கள். ஊரில் அது நடக்கிறதுதான். அவன் மறைத்ததைக்கூட ஒருவேளை பொறுத்திருப்பேன். என் பெயரில் அவன் அழுதானே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. என் பிள்ளைக்கு நான் அழவேண்டியதை அவன் தன் அழகான கையெழுத்தில் அழுது, முத்திரை ஒட்டி அனுப்பிவிட்டான். எனக்கென்று ஒன்றும் மிஞ்சவில்லை.

நான் அவனிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவான். அவனிடம் எப்போதும் நல்ல பதில் இருக்கும். நான் வழக்கம்போல வேலைக்குப் போனேன், வந்தேன், கறி வைத்தேன்.

அந்த மாதம்தான் வடிபானை வந்தது. அடுத்த தெரு இத்தாலிக்காரர் ஒருவரிடம் சொல்லிச் செய்வித்திருந்தான். கடதாசி கிடைத்ததற்கு நாலு பேரை அழைத்து, சொந்தமாக வடித்த சாராயம் கொடுக்கவேண்டுமாம். அது சட்டப்படி கூடாது. ஆனால் அந்தத் தெருவில் பாதி வீட்டுக் கராஜில் பானை இருந்தது.

"உன்ர ஆக்களுக்குப் பரம்பரை வேலை. இனி நீ வாத்தி, நான் பொடியன்" என்றான் சிரித்துக்கொண்டு.

"ஓம்" என்றேன்.

குசினி மேசையில் உட்கார்ந்தோம். அதே கதிரைகள். கொப்பியை விரித்து மேலே பிள்ளையார் சுழி போட்டான். அவன் எதை எழுதினாலும் சுழி போட்டுத்தான் தொடங்குவான்.

"சொல்லு மச்சான். ஒண்டும் விடாமல் சொல்லு."

சொன்னேன். பானை வாயைக் கோதுமை மாப் பசையால் அடைக்க வேண்டும். நெருப்பு மெல்ல எரிய வேண்டும். குழாயின் மேல் பச்சைத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் ஒவ்வொன்றாக இலக்கம் போட்டு எழுதினான். புதுப் பானையில் முதலாவதாக, கராஜ் மூலையில் நான் வைத்திருக்கிற கண்ணாடிக் குடுவையில் இருப்பதை ஊற்றி ஒருமுறை வடிக்க வேண்டும் என்றேன்.

"அது என்னத்துக்கு?"

"பானையைப் பழக்கிறதுக்கு."

உண்மையைத்தான் சொன்னேன். புதுப் பானையிலும் குழாயிலும் பற்றவைத்த அழுக்கும் எண்ணெயும் இருக்கும். அதைக் கழுவத்தான் முதல் வடி. குடுவையில் இருந்தது எங்கள் ஆலையில் இரும்பு கழுவுகிற ஸ்பிரிட். பீப்பாயிலிருந்து நான்தான் ஊற்றிக் கொண்டுவந்தேன். பீப்பாயில் மண்டையோட்டுப் படமும் ஆங்கிலத்தில் எச்சரிக்கையும் இருந்தன. குடுவையில் அவன் வாசிக்கக்கூடியது எதுவும் இருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் புதுப் பானையின் முதல் வடியை யாரும் வாயில் வைக்கமாட்டார்கள். அது வைரவருக்கு. வளவு மூலையில் ஊற்றிக் கைகூப்பிவிட்டு, பிறகுதான் குடிக்கிறதுக்கு வடிப்பார்கள். சீவல் தொழில் செய்கிற எந்த வீட்டிலும் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வாத்தியார் வீட்டில் தெரியாது.

அந்த ஒரு வரியைத்தான் நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை எனக்கு ஓவர்டைம். காலையில் கொப்பியைப் பார்த்துப் பார்த்து அவனே அடுப்பு மூட்டினான். நான் திரும்பி வரும்போது மேசையில் மீன் பொரியலும் முதல் வடியில் அரைப் போத்தலும் இருந்தன. மற்ற அரைவாசி அவனுக்குள் போயிருந்தது.

"நெருப்பு மாதிரி இருக்கு மச்சான். நீயும் கொஞ்சம் எடு."

"எனக்கு வயிறு சரியில்லை" என்றேன். அது நான் சொன்ன ஒரேயொரு பொய்.

அடுத்த நாள் முழுதும் வாந்தி எடுத்தான். பின்னேரம், கண்ணுக்குள் பனிப்புகார் மாதிரி இருக்கிறது என்றான். வெறி முறியட்டும், படு என்றேன். தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். இரண்டு துண்டு பாண் சுட்டுக் கொடுத்தேன். திங்கட்கிழமை காலையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று என்னிடம் கேட்டான். அதன்பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். ஒரு நாள் முன்னால் கொண்டுவந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். எனக்கு ஆங்கிலம் குறைவு, ஆனால் அது விளங்கியது.

பொலிஸ்காரர் வந்து பானையையும் கொப்பியையும் எடுத்துப் போனார்கள். யாரையோ பிடித்துக் கொப்பியை மொழிபெயர்த்தார்கள். எல்லாம் கேதீஸ்வரனின் கையெழுத்து. அதில் பிழையான வரி ஒன்றுகூட இல்லை.

ஆஸ்பத்திரியில் அவன் என் கையைத் தடவித் தேடிப் பிடித்தான்.

"மச்சான், இது எனக்குத் தண்டனை."

"ஏன் அப்பிடிச் சொல்லுறாய்?"

"உன்ர பாமா... ரெண்டு வருசமாச்சு மச்சான். நான் உனக்குச் சொல்லேல்லை. நீ ஊருக்குப் போக வெளிக்கிட்டா உன்னைப் பிடிப்பாங்கள், பிறகு என்னையும் பிடிப்பாங்கள் எண்டு முதல்ல பயந்தனான். பிறகு, நீ தாங்கமாட்டாய் எண்டு நினைச்சன். நீ தாங்கமாட்டாததை மட்டும்தான் விட்டனான்."

அழுதான். பார்வை போன கண்ணிலும் கண்ணீர் வருகிறது. அன்றுதான் கண்டேன்.

"கொப்பியிலயும் எதையோ விட்டிட்டன் போல கிடக்கு" என்றான். "நீ ஒழுங்காத்தான் சொல்லியிருப்பாய்."

"இருக்கலாம்" என்றேன்.

அவன் சொன்ன பிறகாவது நானும் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். நோயாளியின் மனத்தைக் கலக்கக்கூடாது என்று தாதி சொல்லியிருந்தார்.

இதெல்லாம் நடந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அவனை நான்தான் வைத்துப் பார்க்கிறேன். குளிக்க வார்க்கிறேன். மீனில் முள் எடுத்துக் கொடுக்கிறேன். அவன் தலைமயிரை நானே வெட்டிவிடுகிறேன். இப்படியொரு சிநேகிதனை எங்கே காண்பது என்று சிவனேஸ்வரி அக்கா வருகிற போதெல்லாம் சொல்லுவார். நாகலட்சுமிக்குத்தான் இன்னும் எழுதவில்லை. நேரம் கிடைக்கிறதில்லை.

ஞாயிறு மத்தியானங்களில் அவன் குளித்து, சேட்டு மாற்றிக்கொண்டு வந்து உட்காருவான். அவனுடைய தங்கச்சி எழுதுகிற கடிதங்களை நான் வாசிப்பேன். இப்போது வேகமாகவே வாசிக்கிறேன். தை மாதம், அம்மா படுக்கையில் கிடக்கிறார், கண் மூடமுன் ஒருமுறை வந்து முகத்தைக் காட்டச் சொல்கிறார் என்று எழுதியிருந்தாள். அம்மா சுகம், கோயில் திருவிழாவுக்கு நடந்தே போய்வந்தாவாம் என்று வாசித்தேன். அவன் முகம் மலர்ந்தது. பங்குனியில் வந்தது நாலே வரி. அதற்கு அவன் பெயரில் நான் பதில் எழுதினேன். இரவும் பகலும் அழுகிறேன் என்று எழுதினேன். மேலே பிள்ளையார் சுழியும் போட்டேன்.

இன்றும் ஞாயிறு. நான் இதை எழுத, எதிரே உட்கார்ந்து பேனா ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறான்.

"ஆருக்கு மச்சான் எழுதிறாய்?"

"வீட்டுக்கு."

"வாற கிழமை சந்தைக்குப் போவமே? அம்மாவுக்கு ஒரு சீலை எடுத்து அனுப்பவேணும்."

"எடுப்பம். நீலம் அவவுக்கு நல்லாயிருக்கும்" என்றேன்.

சிரித்தான். நான் அவனுக்குப் பொய் சொல்லுவதில்லை. அவன் தாங்கமாட்டாததை மட்டும்தான் விட்டுவிடுகிறேன்.