அன்னசுத்திக்கு ஒரு சொட்டு

— என் சாதத்துல நெய் எப்படி வந்துது? வாயைத் திறங்கோ, ரெண்டு பேரும்!

— ஈச்வரா! ஞாயித்துக்கிழமையும் அதுவுமா தட்டை விட்டெறிஞ்சுட்டியேடா சுமந்தா. சுவரெல்லாம் சாதம்.

— அம்மா, நீ பேசாதே. ஆஷா, நீ சொல்லு. இந்தாத்துல இனிமே பால், தயிர், நெய் எதுவும் கிடையாதுன்னு சொன்னேனா இல்லையா?

— சொன்னேள்.

— வெள்ளிக்கிழமை அம்மா காப்பில பால் விட்டுண்டப்போ என்ன சொன்னேன்?

— இன்னொரு தடவை பாலோ நெய்யோ கண்ணுல பட்டா, அம்மாவை முதியோர் இல்லத்துல கொண்டு விட்டுடுவேன்னு சொன்னேள். பெத்தவா முகத்தைப் பாத்துண்டே சொன்னேள்.

— அப்போ இன்னிக்கு நெய் விட்டது யாராக்கும்?

— நான்தான்.

— நீயா?

— ஆமா. அன்னசுத்தி. சுடுசாதம் போட்டதும் மேலே ஒரு சொட்டு நெய் விடணும், அப்பத்தான் சாதம் சுத்தமாகும்னு சின்ன வயசுலேந்து பழக்கம். வேணும்னு பண்ணலை. கை தானாப் போயிடுத்து.

— கை தானாப் போயிடுத்தாமே! இதோ, என் கையும் தானாப் போறது. வாங்கிக்கோ!

— ஐயோ, மதிடா, போறும்! உதடு கிழிஞ்சுடுத்து பாரு, ரத்தம் கொட்டறது! ஆஷா, இந்தாம்மா, இந்தத் துணியை வச்சு அமுக்கிக்கோ.

— அமுக்கிண்டிருக்கேன்மா. ஒண்ணுமில்லை.

— ஒண்ணுமில்லையா? ஒரு சொட்டு நெய்க்குப் பின்னாடி என்ன இருக்குன்னு தெரியுமோடீ உனக்கு? வீடியோ காட்டினேன் அல்லே? பொறந்த அன்னிக்கே கன்னுக்குட்டியைத் தாய்கிட்டேந்து இழுத்துண்டு போறா. காளைக்கன்னுன்னா நேரா கசாப்புக்கு. அந்த ஜீவனோட கண்ணைப் பாத்துட்டு எனக்கு மூணு நாள் சோறு இறங்கலை, கேட்டோ. ஒரு உயிரையும் ஹிம்சை பண்ணப்படாது. அது என்னோட பிரின்சிப்பிள்.

— உங்க பிரின்சிப்பிள் என் உதட்டுல வழியறது.

— எந்தா, நக்கலா? இன்னொண்ணு வேணுமா?

— கத்தாதேடா சுமந்தா. நடுவுல ஒத்தைச் சுவர். பக்கத்தாத்து மங்கலம் மாமிக்கு எல்லாம் கேக்கும்.

— கேக்கட்டும்! வலியசாலைத் தெரு முழுக்கக் கேக்கட்டும்! ஆஷா, சிம்பிளாக் கேக்கறேன். இருபத்தொரு நாள் ட்ரை பண்ணிப் பாருன்னு ஒரு மாசமாத் தொண்டை கிழியறது எனக்கு. பாலுக்குப் பதிலாத் தேங்காப்பால் இருக்கு. தயிருக்குக் கடலைத்தயிர் இருக்கு. செத்தா போயிடுவே? இன்னிக்கு முடிவு சொல்லியாகணும். பண்ணுவியா, மாட்டியா?

— ஒண்ணு சொல்லட்டுமா?

— சொல்லு.

— அந்த வீடியோவைப் பாத்துட்டு, குளிக்கற அறையில தண்ணியைத் திறந்து விட்டுண்டு நானும் அழுதேன். கன்னு போன வழியைப் பாத்து அந்தப் பசு கத்தித்தே, அது இன்னும் காதுலயே இருக்கு. பத்து நாளா ஆபீஸ் கேன்டீன்ல பால் விடாத கட்டன் காப்பிதான் குடிக்கறேன். டப்பாவுல தயிர்சாதம் கொண்டு போறதையும் நிறுத்தியாச்சு.

— பின்னே ஏன்டீ என்கிட்ட சொல்லலை?

— சொன்னா ஜயிச்சுட்டேன்னு ஆடுவேள். இன்னும் கொஞ்ச நாள் பாத்துட்டு, நம்மால முடியும்னு தோணினா நானா வந்து சொல்லலாம்னு இருந்தேன்.

— இப்போ சொல்லு. சரின்னு ஒரே ஒரு வார்த்தை. நெய் விட்டதை மறந்துடறேன்.

— இப்போ முடியாது. இப்போ சரின்னா, அது பசுவுக்காகச் சொன்னதா இருக்காது. அடுத்த அடிக்குப் பயந்து சொன்னதா இருக்கும். அதனால மாட்டேன்.

— மாட்டியா? அப்போ இறங்குடீ இந்தாத்தை விட்டு! கரமனைலேந்து உங்கண்ணா நாகேஸ்வரன் வந்து அழைச்சுண்டு போகட்டும். வேணுங்கற நெய்யை அங்கே போய்க் குடம் குடமாக் குடி!

— போறேன். முதல்ல முடியை விடுங்கோ. வலிக்கறது.

— விட மாட்டேன். நெய் டப்பாவை எங்கே ஒளிச்சு வச்சிருக்கே? எடு அதை!

— எனக்குத் தெரியாது.

— நீ விட்ட நெய், உனக்குத் தெரியாதா? சுவர்ல மோதினா ஞாபகம் வருமா? வரட்டும்! இந்தா! இப்போ வந்துதா? இன்னொண்ணு வேணுமா? இப்போ?

— சத்தியமா... சத்தியமாத் தெரியாது...

— டேய், விடுடா அவளை! மண்டை உடைஞ்சுடும்டா, கொன்னுடாதேடா! டப்பா என் பெட்டிக்குள்ள இருக்கு. உங்கப்பா வேஷ்டிக்கு அடியில இருக்கு.

— என்னது?

— அம்மா, வேண்டாம். சொல்லாதேங்கோ.

— இல்லை ஆஷா, இனிமே என்னால முடியாது. நெய் விட்டது நான்டா. இந்தாத்துக்கு வந்து நாப்பது வருஷமாச்சு, நெய் விடாம ஒருத்தருக்கும் நான் சாதம் போட்டதில்லை. பெத்த பிள்ளை வெறுஞ்சாதம் திங்கறதைப் பாக்கச் சகிக்கலை. ஒரு சொட்டுதானே, தெரியப் போறதான்னு நெனச்சேன். நீ கேட்டப்போ, என்னைக் கொண்டு தள்ளிடுவியேன்னு நடுங்கிண்டு நின்னேன். அவ எனக்காக ஏத்துண்டா. அவ உதடு கிழிஞ்சப்பவும் நான் வாயைப் பொத்திண்டு நின்னேனே, பாவி!

— அம்மா... நீயா... சரி, போட்டும் விடு. வயசான காலத்துல தெரியாமப் பண்ணிட்டே.

— தெரிஞ்சேதான்டா பண்ணினேன். ஏன் அவ முடியை விட்டுட்டே? ஏன் கை இறங்கிப் போச்சு? நெய் அதே நெய்தானே? வா, வந்து என் வாயிலேயும் அடி.